பதினான்கு நிமிட வாசகர்

மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் சோதித்துப் பவர் எழுதித் தருவது அவள் வேலை. பதினெட்டு வருடமாக “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் புருஷனிடமும் அதே தொனிதான். அந்த மனுஷனும் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லித் தப்பிக்கப் பழகியிருந்தான்.

அவளுக்கென்று ஒரே ஒரு சொத்து உண்டு. மூன்று வருடமாகப் புனைபெயரில் எழுதும் வலைப்பூ. வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் வீடு ரெண்டுபடும். ஏனென்றால் எண்பத்தாறு பதிவுகளில் அறுபது, மாமியாரைப் பற்றியவை. வாய்விட்டு மாமியார் என்று எழுதுவாளா? ‘மேலிடம்’ என்று எழுதுவாள். மேலிடம் காப்பியில் உப்பைப் போட்டது, மேலிடம் ஜோடி மாறிய செருப்போடு கடைக்குப் போனது, மேலிடம் மின்சார மீட்டர் பார்க்க வந்தவரை மகன் என்று நினைத்து “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டது. எழுதும்போதே விழுந்து விழுந்து சிரிப்பாள். பாவம், கூடச் சிரிக்கத்தான் ஆள் இல்லை.

இதை அவளுக்குச் சொன்னது, வலைப்பூவுக்கு யார் எப்போது வந்தார்கள் என்று காட்டும் புள்ளிவிவரப் பக்கம். தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பாள். அவள் பதிவுகளில் அதிகம் பேர் வந்து போனது ‘கண்ணாடியில் விழுந்த கீறல்’ என்ற பதிவு. கல்யாண வாழ்க்கையை உருகி உருகி எழுதியது. நானூறு பேர்! தலைகால் புரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், அத்தனை பேரும் ‘கண்ணாடிக் கீறல் பற்பசையில் போகுமா’ என்று தேடி வந்தவர்கள். நாலு நொடியில் ஓடியிருந்தார்கள். போகாது என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மற்றபடி அன்றாடக் கணக்கு இரண்டு. ஒன்று அவளே. இன்னொன்று யாரோ. அந்த யாரோ தினமும் காலை பதினொன்று இருபதுக்கு வருவார். ஒரு பக்கப் பதிவைப் படிக்கப் பதினான்கு நிமிடம் எடுத்துக்கொள்வார். சில நாள் பதினாறு.

பதினான்கு நிமிடம் என்றால் சும்மாவா? வார்த்தை வார்த்தையாக ரசிக்கிற ஆள். அவள் மனத்துக்குள் அவருக்குத் தாடி வைத்தாள், சால்வை போட்டாள், பேராசிரியர் வேலையும் கொடுத்தாள். அவருக்காகவே அகராதியைப் புரட்டிக் கனமான சொற்களாகப் பொறுக்கிப் போட்டாள். அன்றைக்கு இருபத்திரண்டு நிமிடம்! அவள் கடையில் கால் தரையில் பாவவில்லை.

பேராசிரியர் எந்த ஊர் என்று பார்க்கிற ஆசையில்தான், அதுவரை தொடாத ஒரு மூலையைத் தொட்டாள். இதே ஊர். என்ன போன் என்றும் இருந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய மாடல், இப்போது யாரும் வைத்துக்கொள்ளாதது. அவளிடம் முன்பு இருந்ததும் அதேதான். புதுப் போன் வாங்கியபோது, பின்பக்கம் விரிசல் விட்ட அந்தப் பழையதை, உள்ளே இருந்த எதையும் அழிக்காமல் மாமியார் கையில் தள்ளிவிட்டிருந்தாள். அதில் முதல் திரையிலேயே வலைப்பூவைத் தட்டினால் திறக்கும்படி வைத்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதினொன்று இருபது, மாமியார் பாத்திரம் கழுவி முடித்து உட்காரும் நேரம்.

“அடிப்பாவி, அறுபதையும் படிக்கக் குடுத்துட்டியே!” என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்று நாள் மாமியாரின் முகத்தையே பார்த்தாள். கோபமில்லை, குத்தலில்லை. வலைப்பூவை அழித்துவிடலாமா? கை வரவில்லை. நாலாம் நாள் லீவு. பதினொன்று இருபதுக்குச் சமையலறைக் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். மாமியார் போனை மூக்கில் முட்டுகிற அளவுக்குப் பிடித்து, எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒவ்வொரு சொல்லாக வாயசைத்துக்கொண்டிருந்தார்.

அது ரசனை இல்லை. கண் தெரியவில்லை. கடைக்கு வருகிற ஆளாக இருந்தால் அவள் வாசலிலேயே கண்டுபிடித்திருப்பாள். உப்பும் சர்க்கரையும், செருப்பும், மீட்டர்காரரும் எல்லாம் அதுதான். “கண்ணு மங்குதும்மா, ஒரு நாள் பாக்கறியா?” என்று மாமியார் மூன்று தடவை கேட்டதும், மூன்று தடவையும் “அடுத்த வாரம் அத்தை” என்று சொன்னதும் நினைவு வந்தது. ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

மறுநாளே கடைக்குக் கூட்டிப்போனாள். கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு கண்ணாடி வில்லையாகப் போட்டாள். பவர் கண்டபடி ஏறியிருந்தது. எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தைய வரியைப் படித்துவிட்டு மாமியார் கேட்டார்:

“எத்தனை பேரும்மா படிக்கிறாங்க, அந்த மேலிடத்தை?”

அவள் கையிலிருந்த வில்லை மேசையில் விழுந்து உருண்டது.

“கோபமெல்லாம் இல்ல. நல்லாத்தான் எழுதற. ஆனா ஊரே படிச்சிட்டுச் சிரிக்குமேன்னுதான் சாயங்காலம் நடக்கப் போறதை விட்டேன். முழங்கால் வலின்னு சும்மா சொன்னேன்.”

அந்த முழங்காலைப் பற்றியும் ஒரு பதிவு போட்டிருந்தாள்: ‘மேலிடத்தின் சோம்பல்’. அவளுக்கு அழுகை முட்டியது. ஆயிரம் பேர் என்று சொல்லி எழுத்தாளராக நிமிர்ந்து நிற்கலாம். அப்புறம் இந்த மனுஷி வாசலைத் தாண்டவே மாட்டார். அவள் போனைத் திறந்து, புள்ளிவிவரப் பக்கத்தை மாமியாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“நீங்களே பாருங்க அத்தை. என்னையும், கீறலுக்குப் பற்பசை தேடி வழிதவறி வந்தவங்களையும் கழிச்சா தினமும் ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் நீங்கதான்.”

மாமியார் சட்டத்தைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். விரலால் தள்ளி போன மாதத்தைப் பார்த்தார். அதற்கு முந்தைய மாதத்தையும் பார்த்தார். மூன்று வருடத்தையும் பார்த்து முடித்தபோது அவர் முகத்திலிருந்த பயம் போயிருந்தது. மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

“அடப் பாவமே! மூணு வருஷமா இவ்ளோ எழுதியும் ஒருத்தர்கூடப் படிக்கலையா?” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அழாதம்மா. நாளைக்கே நடக்கப் போறேன். அங்க எனக்கு நாலு சிநேகிதிங்க இருக்காங்க. உப்புக் காப்பியைப் படிக்கச் சொல்றேன்.”