ஜன்னலில் தெரிந்த பச்சை வெளிச்சம்

மணலியில் வேலை கிடைத்து, திருவொற்றியூரில் தனியாகக் குடியிருந்தேன். பேச ஆளில்லை. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளில் வேறு உயிர்களின் குரல் இருக்கிறதா என்று தேடும் ஆராய்ச்சிக்கு என் கம்ப்யூட்டரை இன்டர்நெட் வழியாக இரவல் கொடுத்திருந்தேன். நான் தூங்கும்போதும் அது கணக்குப் போடும். ஜன்னலோரத் திரையில் பச்சைக் கோடுகள் ஓடும். எங்கிருந்தாவது ஒரு குரல் வராதா என்று எனக்கு ஒரு நப்பாசை.

ஒருநாள் கம்ப்யூட்டர் புகைந்து அணைந்துபோனது. மறுநாள் விடியற்காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் எதிர்வீட்டு அக்கா, காலிக் கூடையோடு நின்றார். அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இன்னா சார், நல்லாக்கீறியா? டெய்லி உன் ஜன்னல்ல பச்சையா வெளிச்சம் தெரியும். இன்னிக்கி காணோம், பேஜாராப் பூட்ச்சி. கடல்ல ஒரு போட் லைட்டு தெரிலன்னா அந்த போட்டுக்காரன் வூட்டாண்ட போயி விசாரிப்போம். அதான் வந்தேன்."

"கம்ப்யூட்டர் ரிப்பேர் அக்கா, அவ்வளவுதான்" என்றேன்.

"அவ்ளோதானா? சரி, ஏலத்துக்கு நேரமாச்சி" என்று நடந்துவிட்டார்.

கம்ப்யூட்டர் சரியாகி மறுபடியும் வானத்தைத் தேடியது. அங்கிருந்து யாரும் பேசியதாக இன்றுவரை தகவல் இல்லை. அக்கா கூடையோடு கிளம்பும் நேரத்துக்கு நானும் எழுந்து, ஜன்னலில் நிற்கப் பழகிக்கொண்டேன்.