தொரையின் பறவை இப்போது காப்பிக்கடைச் சுவரில்

இன்று ஈப்போவில் ஒரு காப்பிக்கடைக்குப் போனேன். அங்கே காப்பி நன்றாக இருக்கும், மழை நாளில் இன்னும் நன்றாக இருக்கும், அது கிடக்கட்டும். எதிர்ச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஓர் இருவாச்சிப் பறவை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

படத்தின் மூலையில் குங்குமப் பொட்டு. சரஸ்வதி பூசையன்று நான் வைத்த பொட்டு.

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பழைய தொரை, பறவை தேடிக் காடெல்லாம் அலைந்து பேர் வாங்கிய மனுஷர். இந்தப் படம் இருந்தது, அவர் கையெழுத்துப் போட்ட ஒரு பறவைப் புத்தகத்தில். தோட்டம் கைமாறியபோது பங்களாவில் கேட்டு வாங்கினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, படம் பார்ப்பேன். தையல் விட்டுப்போனதால், பழைய புத்தகம் வாங்கி விற்கும் அந்தோணியிடம் கட்டித் தரச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அங்கிருந்தே போன் போட்டேன்.

"அந்தோணி, என் புத்தகத்த கிழிச்சியா?"

"கிழிக்கல அண்ணே, பிளேடு வச்சு நைசா எடுத்தேன். முழுப் புத்தகத்த யாரு வாங்குறா லா? படம்னா உடனே போயிருது."

"அந்தப் பொட்டு?"

"தொரை வச்ச சீல்னு சொன்னேன். கடைக்காரங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு."

"தொரை கையெழுத்து?"

"அது ஒரு டாக்டர் வீட்டுல இருக்கு."

என் வீட்டுத் தீபாவளிக்கு எனக்கு முன்னால் வந்து உட்காருகிறவன் இவன்.

"அப்ப எனக்கு என்னடா மிச்சம்?"

"அட்டை பத்திரமா இருக்கு அண்ணே. சாயங்காலம் கொண்டு வாரேன்."

அட்டை வந்துவிட்டது. நல்ல கெட்டி அட்டை. அதற்குள் எதை வைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். அந்தோணியும் உங்கள் யோசனைக்காக, என் எதிரே முறுக்குத் தின்றபடி காத்திருக்கிறான்.