உடம்பு வைத்த மயில்

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கல்யாண மண்டபத்தின் இழுவைக் கதவு நான் செய்தது. படாளம் அரிசி மில்லின் ஷட்டர் நான் செய்தது. முட்டுக்காட்டில் தண்ணீரைப் பார்த்தாற்போல் நிற்கும் இரண்டு பங்களாக்களின் சுருள் படிக்கட்டு, புதுப்பட்டினம் மீன்காரர்களின் எஞ்சின் ஸ்டாண்டுகள், மாமல்லபுரம் லாட்ஜுகளின் ஜன்னல் கிரில், எல்லாம் என் கை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவன். வெல்டிங் மிஷின் வாங்க ஜாமீன் போட ஆள் இல்லாதவன். கடை போட்ட இடத்தில் மின்சாரம் பாதி நாள் இருக்காது, இருக்கும் நாளில் வோல்டேஜ் இருக்காது. அப்படியும் செய்தேன். ஈசிஆர் ரோட்டில் காரில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனால், என் வேலையைப் பார்க்காமல் போக முடியாது.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அவற்றுக்காக அல்ல. ஒரு மயிலுக்காக. இன்று இந்தக் கடற்கரைப் பக்கத்தில் பாதி வீட்டு கேட்டில் அகலமான மார்போடு, தாராளமான வாலோடு ஒரு மயில் நிற்கிறது. அது சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் டிசைன் என்று ஒரு இன்ஜினியர் பையன் என் முகத்துக்கு நேராகவே சொன்னான். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

தொண்ணூறுகளிலிருந்தே கேட் செய்யக் கேட்டு வருகிறவர்களுக்குக் காட்ட என்னிடம் ஒரு ஆல்பம் இருந்தது. செய்து முடித்த ஒவ்வொரு கேட்டையும் போட்டோ எடுத்து அதில் சொருகி வைப்பேன். கடல் காற்று ஆல்பத்தை விடவில்லை. பிளாஸ்டிக் தாளோடு போட்டோ ஒட்டிக்கொண்டு, பிரித்தால் மயிலின் தலை ஒரு பக்கம், உடம்பு இன்னொரு பக்கம் என்று வரும். மீதியை என் கிரீஸ் விரல் பார்த்துக்கொண்டது. பக்கத்துக் கடைக்காரன் வழவழ தாளில் அச்சடித்த புத்தகம் வைத்திருந்தான். அதில் இருந்த ஒரு கேட்டைக்கூட அவன் செய்ததில்லை. ஜனங்கள் அங்கேதான் போனார்கள்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு இருக்கும், அப்போதுதான் என் மனைவியின் தம்பி துபாயிலிருந்து லீவில் வந்தான். முப்பது வயது தாண்டியவன். தனக்கென்று அங்கே வாங்கிய ஒரு கேம் மிஷினைக் கொண்டு வந்திருந்தான். இரண்டு கையாலும் பிடித்து ஆடுவது. நடுவில் நீளக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பட்டன். உள்ளே போடும் சின்னத் தட்டு சுற்றுவது நின்றுபோய், கேம் வராமல் போய்விட்டது. செங்கல்பட்டில் ரிப்பேர் கடை எல்லாம் ஏறி இறங்கினான். ஒருவரும் தொட மாட்டேன் என்றார்கள். ஒரு நாள் அதில் தன் துபாய் ரூம், ஒட்டகம், கூட வேலை செய்கிறவர்கள் என்று படம் படமாக எனக்குத் தள்ளிக் காட்டினான். கண்ணாடிக்குள் இருந்து வெளிச்சம் வந்தது. ஒட்டகத்தின் கண் இமை தெரிந்தது.

"மாமா, இதுல கேம் வராது. போட்டோ மட்டும் வரும். நம்ப படம் இன்னா வேணாலும் போட்டுக்கலாம். உனுக்கு ஆவுமா?" என்றான்.

எனக்கு ஆகுமா என்று கேட்ட முதல் ஆளும் அவன்தான், கேட்காமலே கொடுத்திருக்கக்கூடியவனும் அவன்தான். இன்றைக்கும் அவனை நினைத்தால் மனசு நிறைகிறது. அந்த மிஷினில் ஒரு கேமையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு அது கேட் பெட்டி.

ஆல்பத்தில் தப்பிய போட்டோக்களை எடுத்துக்கொண்டு பஜாரில் இருந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து என் பெட்டிக்குள் ஏற்றிப் பார்த்தாள். முதல் தடவை மிஷின் ஒன்றையும் காட்டவில்லை. படத்தைப் போடுகிற ஃபோல்டர் என்கிற அறைக்கு அது கேட்கிற பேரையே வைக்க வேண்டுமாம், வேறு பேர் வைத்தால் படம் உள்ளே இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிடுமாம். அதை அவளாகவே தேடிக் கண்டுபிடித்தாள். இரண்டாம் தடவை வந்தது. நெட்டுக்குத்தாக எடுத்த போட்டோ எல்லாம் படுத்துக்கொண்டு வந்தன. அதையும் நிமிர்த்தினாள். மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. படத்துக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி கருப்பாக நின்றது.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இவ்வளவு அகலக் கண்ணாடி இருக்கும்போது இரண்டு பக்கமும் துக்க வீடு மாதிரி எதற்குக் கருப்பு, கண்ணாடி முழுக்க என் கேட் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். படம் அவ்வளவுதான் அண்ணா என்றாள். எனக்குத் தெரியாது, நிற்க வேண்டும் என்றேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு என்னவோ செய்தாள். கண்ணாடி நிறைந்தது. நானும் நிறைந்து வெளியே வந்தேன்.

அதன் பிறகு பக்கத்துக் கடைக்காரனின் புத்தகத்தை யார் பார்த்தார்கள்? சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்து, பட்டனை அழுத்தி, கேட் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினால் பெரிய மனிதர்களே வாயைப் பிளப்பார்கள். அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர்தான் டீச்சரம்மா. புதுப்பட்டினத்தில் புதிதாகப் பிரித்த மனையில் முதல் வீடு அவருடையது. சுற்றிலும் மனை வாங்கிப் போட்டிருந்தவர்கள் எல்லாம் அவர் கூட வேலை பார்க்கிற வாத்தியார்கள், ஆபீஸ்காரர்கள். அந்த ஒரு கேட் நன்றாக வந்தால் அந்தத் தெரு முழுவதும் என் கைக்கு வரும். வராவிட்டால் அந்தப் பக்கம் நான் தலை காட்ட முடியாது. அதைத் தெரிந்துகொண்டுதான் போனேன்.

டீச்சரம்மா பெட்டியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். மயில் கேட் வந்ததும் நிறுத்தினார். இதேதான் வேண்டும், இதில் ஒரு கம்பிகூட மாறக் கூடாது என்றார். அந்த மயில் எனக்கு மனப்பாடம். தரையில் சாக்பீஸால் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். வரைந்து, கம்பியை வளைத்து, பற்ற வைத்து, பிரைமர் அடித்து, கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்தினேன். மச்சானும் கூட வந்து பிடித்தான்.

டீச்சரம்மா வெளியே வந்து பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். தள்ளிப் போய்ப் பார்த்தார்.

"நான் பார்த்த மயில் இது இல்லையே மேஸ்திரி."

"கீறதே ஒரு மயிலு தான் டீச்சர். ஊரு பூரா இதான் போட்டுக் குடுத்துகினு கீறேன்."

"இது பட்டினி கிடந்த மயில். அது நல்லா சாப்பிட்டுட்டு நின்ன மயில். அதைத்தான் நான் கேட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. பெட்டியை எடுத்து, இப்போது பாருங்கள் என்கிற திமிரோடு கேட்டுக்குப் பக்கத்தில் நீட்டினேன். நீட்டிய கையை மடக்க முடியவில்லை. பெட்டிக்குள் இருந்த மயிலுக்கு மார்பு புடைத்து, கழுத்து தடித்து, வால் புடவைக் கொசுவம் மாதிரி விரிந்திருந்தது. கேட்டில் இருந்த மயில் அதன் நோஞ்சான் தம்பி. இத்தனை நாள் தினமும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். என் மயில் என்று தெரிந்தே பார்த்ததால், எப்படி இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

மச்சான் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "இன்னா மாமா இது, டப்பாக்குள்ள போயி குந்திகினு உன் மயிலு ஒடம்பு வச்சிகீது."

டீச்சரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. கிரகப்பிரவேசத்துக்குத் தெருக்காரர்கள் எல்லாம் வருவார்கள், சாப்பிட்ட மயில் நின்றால் சரி, இல்லையென்றால் அன்றைக்கு ஓலைத் தட்டி கட்டிச் சமாளித்துக்கொள்வேன், அப்புறம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மரியாதையாகவே சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். தங்கச்சி கொஞ்சமும் அசரவில்லை. "நீங்கதானேண்ணா கருப்பு வரவே கூடாதுன்னு நின்னீங்க. ரெண்டு பக்கமும் புடிச்சி இழுத்து வுட்டேன். ஒயரம் அதே தான், அகலம் மட்டும் கூடும்" என்றாள். பிறகு அந்த இழுத்த படத்தைப் பெரிய தாளில் எடுத்துக் கையில் கொடுத்தாள். பாக்கி வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போல.

பார்த்துக்கொண்டேன். படத்தை இழுப்பது ஒரு பட்டன் வேலை. இரும்பை இழுக்க முடியாது. வட்டம் எல்லாம் படுத்த முட்டை ஆயிற்று. ஒவ்வொரு வளைவையும் புதிதாக வளைத்தேன். வளைத்து மாட்டிப் பார்த்தால் அடுத்த கஷ்டம். அகலமான மயிலின் கனத்தில் கதவு முன்பக்கம் தொங்கி, தரையை உரசியது. எத்தனையோ பேர் வந்து யோசனை சொன்னார்கள். குறுக்கே ஒரு பட்டை அடி என்றார்கள். மயிலின் மேல் குறுக்குப் பட்டை அடித்தால் அது கூண்டில் போட்ட மயில். நான் அதன் வாலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மயில் கதவின் திறக்கிற ஓரத்தில் உயர நிற்கிறது. வால் சரிந்து, கீழே தூண் பக்கத்துக் கீலை நோக்கி இறங்குகிறது. அந்த வாலின் முதுகுக் கம்பியை எடுத்துவிட்டு அதே வளைவில் கனத்த பைப்பை வைத்தேன். மேலே சட்டத்தோடும், கீழே கீலுக்கு ஒட்டியும் பற்ற வைத்தேன். கதவின் பாரம் வால் வழியாக இறங்கித் தூணுக்குப் போய்விட்டது. கதவு நிமிர்ந்தது. ஒரு விரலால் தள்ளினால் போதும்.

கிரகப்பிரவேசத்தன்று தெருக்காரர்கள் வீட்டுக்குள் போவதற்கு முன்னால் கேட் எதிரில் நின்றார்கள். டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் வேட்டி, துண்டு வைத்துக் கொடுத்தார். அந்தத் தெருவில் அடுத்தடுத்து எழும்பிய வீடுகளில் எல்லாம் சாப்பிட்ட மயிலே நின்றது. அப்புறம் கேமரா வைத்த செல்போன் எல்லோர் கைக்கும் வந்தது. ரோட்டில் போகிறவன் நின்று படம் பிடித்தான். கோவளம் போயிற்று, மதுராந்தகம் போயிற்று, பக்கத்துக் கடைக்காரனே செய்தான். செய்யட்டும். நான் யாரையும் தடுக்கவில்லை.

ஆனால் அந்த மயிலைச் சென்னைக்காரனுக்குக் கொடுக்க மாட்டேன். சந்தேகம் இருந்தால் எந்த கேட்டிலாவது வாலின் முதுகைத் தட்டிப் பாருங்கள். மற்றதெல்லாம் கெட்டியாகச் சத்தம் போடும், அது மட்டும் பைப் சத்தம் போடும். எதற்கு அங்கே பைப் என்று கேட்டால் பாதிக் கடைக்காரனுக்குப் பதில் தெரியாது. படத்தைப் பார்த்துச் செய்தவனுக்கு எப்படித் தெரியும்?

கட்டட வேலையைப் பற்றி இந்தப் பக்கம் யார் எது எழுதினாலும் இப்படி எழுத வேண்டும். கேம் மிஷின் கொடுத்தது துபாயில் வேலை பார்த்த மச்சான். படத்தை இழுத்தது ஸ்டுடியோ தங்கச்சி. மெலிந்த மயில் வேண்டாம் என்று நின்றது டீச்சரம்மா. மூன்று பேருக்கும் நான் கடைசி வரைக்கும் கடமைப்பட்டவன். கண்ணாடி முழுக்க வேண்டும் என்று அடம் பிடித்தவனும், இரும்பில் அதை நிற்க வைத்தவனும் நான். நாலு பேரையும் போடுங்கள். என்னை முதலில் போடுங்கள்.