பேபி அக்கா கலந்த புகையிலை

திருவேற்காட்டில் ஷேர் வேனில் ஏறி உட்கார்ந்தபோது பேபி அக்காவின் புருஷன் ஏகாம்பரம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. "பேபி நம்மள உட்டுட்டுப் பூட்டாம்மா," என்றார். வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். உடனே இறங்கி மண்ணூர்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். இறங்கத் தோன்றாமல் பூந்தமல்லி வரை போய்விட்டேன். அங்கும் நிற்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடந்துவிட்டு, ஆட்டோ பிடித்து அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்களோடு துணி தைத்த உங்களுக்கெல்லாம் பேபி அக்காவைத் தெரியும். துணி வெட்டும் கட்டிங் மேசை அவருடையது. கத்தரிக்கோலை யாராவது தொட்டால் திட்டுவார். அவர் சிகரெட் பிடிப்பார் என்பது சிலருக்குத்தான் தெரியும்.

"பொட்டிக்கடையில பொம்பள போயி கேட்டா தெருவே திரும்பிப் பாக்கும். அதான் நானே பண்ணிக்கினேன்," என்பார். லாரி ஓட்டும் அவர் தம்பி, குண்டூர்ப் பக்கத்திலிருந்து மஞ்சள் புகையிலையும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து கறுத்த நாட்டு இலையும் கொண்டுவந்து தருவான். மொறமொறவென்றிருக்கும் முழு இலைமேல் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போட்டு மூடுவார். இலை ஒடியாமல் வளைய ஆரம்பித்ததும் நடுநரம்பை உருவிவிட்டு, அடுக்கிச் சுருட்டி, நூல்போல நறுக்குவார். மஞ்சள் நிறைய, கறுப்பு கொஞ்சம் கலந்து ஜாடியில் மூடி வைப்பார். ஒருநாள் ஜாடியைத் திறக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "இப்பவே பத்த வெச்சா ரெண்டும் சண்ட போடும்டீ. ஒரு வாரம் உள்ள கெடந்தாதான் ஒத்துப்போவும்."

வீட்டில் வீசிய சிகரெட் வாசனையை ஏகாம்பரம் அண்ணன் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் பீடிகூடத் தொட்டதில்லை. தெருவில் கேட்டால், "நான்தான்," என்பார்.

மகள் கவிதாவைப் பெண் பார்க்க ஆவடியிலிருந்து வந்தார்கள். டீ கொடுக்க நானும் போயிருந்தேன். எல்லாம் பேசி முடிக்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சுளித்து, "சம்பந்தி சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டார். அண்ணன் வழக்கம்போலத் தலையாட்டினார். "அப்பாவுக்கே இந்தப் பழக்கம்னா வளர்ப்பு எப்படி இருக்கும்?" என்றார் அந்த அம்மா. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவரு புடிக்க மாட்டாரு. நான்தான் புடிப்பேன். அவர ஒண்ணியும் சொல்லாதீங்க."

டீ ஆறிக்கொண்டிருக்க அவர்கள் எழுந்து போனார்கள். கவிதா அம்மாவிடம் வெகுகாலம் பேசவில்லை. பிறகு ஆபீஸில் பழகியவரை மணந்துகொண்டாள். கல்யாணத்திலும் இருவரும் முகம் பார்க்காமலே நின்றார்கள்.

அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் டாக்டர் சிகரெட்டை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார். கை சும்மா இருக்காமல் பாத்திரங்களை அடுக்குவார், கலைப்பார், மறுபடி அடுக்குவார். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, மறுபடி பற்றவைத்தார். நான் சண்டை போட்டேன். "வாயி கேக்குதுடீ, நான் இன்னா பண்ண?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் இருமல் வந்துவிட்டது. இந்தப் பழக்கத்தைப் புகழ்ந்து என்னால் ஒரு வரி எழுத முடியாது. அது அவரைக் கொன்றது.

அன்று ஆட்டோவை விட்டு இறங்கி அக்காவின் வீட்டுக்குள் நுழைந்தபோது உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "புருஷன் ஊதுன பொகைதான் பாவம் இவள தூக்கிக்கினு போச்சு." அண்ணன் கேட்டும் கேளாதவராக இருந்தார். உடலருகே இருந்த கவிதா எழுந்தாள்.

"எங்க அப்பா மேல பழி போடாதீங்க. புடிச்சது எங்கம்மா. அவங்களே நாலு பேரு முன்னால சொன்னாங்க," என்றாள். அப்புறம்தான் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது நிம்மதி அல்ல. அவரை நினைத்தால், அதை விடாமல் போனாரே என்று கோபம் வருகிறது. அந்தக் கோபம் முற்றும் முன்பே, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் புருஷனுக்காக நிமிர்ந்து உட்கார்ந்த முகம் தெரிகிறது. இரண்டில் எதையும் விட மனமில்லை. இதை எழுதும்போதுகூட நாலு முறை எழுந்து நடந்துவிட்டேன்.