எதுக்கும் ஒருக்கா

பாறையின் மேல் ஒரு ஜோடி செருப்பு. இரண்டும் ஒட்டினாற்போல், முனை தண்ணீரைப் பார்த்தபடி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. வலது செருப்புக்குள் மடித்துச் செருகிய கைக்குட்டை. அதற்குள் அப்பாவின் காது மிஷின் இருக்கும் என்று திறந்து பார்க்காமலே எனக்குத் தெரியும். தண்ணீர் பட்டுக் கெட்டுப்போகும் என்று காரில் வரும்போதே கவலைப்பட்டுக்கொண்டு வந்தார். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடிவேரி அணையில், நான் பையிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது செருப்பு இருந்தது, அப்பா இல்லை. மீன் வறுவல் வாங்கப் போன என் கணவரும் இன்னும் திரும்பவில்லை. சுற்றிலும் நனைந்த தலைகள். அணையின் சுவரில் வழிந்து கொட்டுகிற பவானி ஆற்றின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. எழுபதைத் தாண்டிய, காது கேட்காத மனிதர் அந்த வழுக்குப் பாறைகளில் எங்கே போயிருப்பார்? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே இடத்தில், இதே போல் வைத்துவிட்டுப் போன ஒரு ஜோடி செருப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்துப் பதினோரு வயது.

அப்பா எங்கள் ஊரான கணபதியில் ஒரு சிறிய பட்டறையில் இரும்பு கடைகிற லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நூல் பிசகினால் செய்த வேலை அத்தனையும் வீண் என்கிற தொழில். பட்டறையில் அந்தக் கவலை அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. வீட்டில் எங்கள் உயிரை வாங்கியது. வெளியே கிளம்பும்போது கேஸை மூடிவிட்டுப் பூட்டைப் போட்டுத் தெருமுனை வரை வந்த பிறகு நின்றுவிடுவார். "எதுக்கும் ஒருக்கா பாத்துப்போட்டு வாரேன்" என்று திரும்பி நடப்பார். பூட்டைத் திறந்து, அடுப்பைப் பார்த்து, மறுபடி பூட்டி, பூட்டைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துவிட்டு வருவார். "ஏனுங்க, அந்தப் பூட்டு கையோட கழண்டு வந்துரும். போதும் வாங்க!" என்று அம்மா தெருமுனையில் நின்று கூப்பிடுவாள். அம்மாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாம்பு வந்தாலும் விளக்குமாற்றோடு போகிறவள். அப்பாவுக்கு அவள் வைத்திருந்த பெயர் 'எதுக்கும்'. "உங்கப்பா எதுக்கும் எந்திரிச்சாச்சா கண்ணு?" என்று காலையில் என்னிடம் கேட்பாள்.

அந்த வயதில் ஒரு வாரக் கடைசியில் கோபிசெட்டிபாளையத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போய் ஒரு நாள் தங்கி, மறுநாள் கொடிவேரியில் குளித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. எங்கள் குடும்பம் மூவரும் சேர்ந்து வெளியூரில் தங்கப்போகிற முதல் பயணம் அது. சத்தியமங்கலம் போய் அங்கே பஸ் மாறவேண்டும்; சத்தியமங்கலம் பஸ் எங்கள் கணபதி வழியாகத்தான் போகும். ஆனால் இடம் கிடைக்காது என்று அப்பா எங்களை எதிர்த்திசையில், அது கிளம்புகிற காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனார். பஸ் உள்ளே திரும்பும்போதே ஓடிப்போய், ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். துண்டு கிடந்தால் ஆள் வருவார் என்று அர்த்தம். அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்காருகிற துணிச்சல் எங்கள் ஊரில் யாருக்கும் வராது என்பது அவருடைய நம்பிக்கை. பஸ் கிளம்பி மறுபடி கணபதிக்குள் வந்து எங்கள் தெருவைக் கடந்தபோது, அப்பா பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தார். "என்னங்க பாக்கறீங்க?" என்றாள் அம்மா. "பொகை ஏதாச்சும் வருதான்னு பாத்தேன்" என்றார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அம்மா சிரித்தாள்.

கோபிக்குப் போய்ச் சேர்ந்தும் அவருக்கு நிம்மதி இல்லை. பெரியம்மா வீட்டைச் சுற்றி வாழையும் நெல்லுமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வாசல் வரை கேட்கும். அப்பாவோ அந்த வீட்டுப் போனையே சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, "ஏனுங்க, சிரமம் பாக்காம எங்க ஊட்டு சமையக்கட்டு ஜன்னல்கிட்ட நின்னு கொஞ்சம் மோந்து பாக்கறீங்களா?" என்று கேட்டார். அந்த அக்கா மோந்து பார்த்துவிட்டு, கருவாட்டு வாசம் வருகிறது, கேஸ் வாசம் இல்லை என்றாராம். கருவாடு யார் வீட்டில் வறுத்தது என்று அப்பாவுக்கு அடுத்த யோசனை ஆரம்பித்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. நாளை அணையில் குளிக்கப் போவதைப் பற்றி யாராவது பேசமாட்டார்களா என்று இருந்தது.

மறுநாள் பேசியவர் பெரியம்மாதான். அவருக்கு வேலை இருந்ததால் எங்களோடு வரவில்லை. வாசலில் நின்று, "ஓரமாவே குளிச்சுப்போட்டு வாங்க. உள்ளுக்குள்ள சுழல் இருக்குது, ஆளை இழுத்துப்போடும்" என்றார். அது என் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அணையில் நானும் அம்மாவும் சுவரோரம் கொட்டுகிற தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்தோம். அப்பா பாறையில் உட்கார்ந்து எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நாங்கள் கரையேறி வந்தபோது பை இருந்தது. செருப்பு இருந்தது. செருப்புக்குள் கைக்குட்டையில் சுற்றிய அவருடைய கைக்கடிகாரம் இருந்தது. அப்பா இல்லை.

கடிகாரத்தைக் கழற்றி வைத்திருக்கிறார் என்றால் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. இந்தக் கணக்கை நான் போட்டு முடித்தபோது அம்மாவும் போட்டு முடித்திருந்தாள் என்று அவள் முகம் சொன்னது. அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. உதடு வெளுத்திருந்தது. ஈரப் புடவையோடு பாறையின் உச்சியில் ஏறி, "ஏனுங்க!" என்று கூப்பிட்டாள்.

எங்கள் பக்கத்தில் புருஷனைக் கூப்பிட அதுதான் வார்த்தை. கடைக்காரரைக் கூப்பிடவும், வழி கேட்கவும், பஸ்ஸில் தள்ளி உட்காரச் சொல்லவும் அதேதான். அந்த ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த ஆண்கள் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். முகமெல்லாம் சோப்பு நுரையோடு கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒருவர், "இரு, வாரேன்!" என்று பதிலே சொல்லிவிட்டார். வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கரையில் மைக் வைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த நிலையிலும் அவளுக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லாத பெயர். "நீ சொல்லு கண்ணு" என்று என் தோளைப் பிடித்து அழுத்தினாள். நான் சொன்னேன். மைக்கில் அப்பாவின் பெயர் மறுபடி மறுபடி ஒலித்தது. யாரும் வரவில்லை. போலீஸ்காரர் பரிசல் ஓட்டுகிறவரைப் பார்த்து ஏதோ சைகை செய்தார். அவர் ஒரு நீளமான மூங்கிலை எடுத்துக்கொண்டு பரிசலில் ஏறினார். தண்ணீருக்கு அடியில் துழாவத்தான் அந்த மூங்கில் என்று எனக்குப் புரிந்தது.

அம்மா அந்த மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரையும் கேட்காமல் மைக்கைப் பிடுங்கினாள். "ஏனுங்கோ..." என்றாள். "எங்கீங்க இருக்கறீங்க? நாங்க இங்கதானுங்க நிக்கறோம். வந்துருங்கோ." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. மீன் கடைகளில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள்.

நுழைவாயில் பக்கமிருந்து ஒரு மனிதர் வெறுங்காலோடு, "வாரேன், வாரேன்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். அப்பா. மூச்சு வாங்க எங்கள் முன்னால் வந்து நின்று அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன அம்மணி, ஊடு பத்திக்கிச்சா?"

அம்மா அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். அத்தனை பேர் முன்னிலையில் அவரை அவள் தொட்டதை அன்றுதான் பார்த்தேன். அடித்துவிட்டு அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்பா திகைத்துப்போய் நின்றார். பக்கத்து வீட்டு அக்காவை இன்னொரு தடவை மோந்து பார்க்கச் சொல்லலாம் என்று நுழைவாயிலில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிருக்கிறார். "செருப்பு எதுக்குங்க உட்டுப்போட்டுப் போனீங்க?" என்று அம்மா விசும்பலுக்கு நடுவே கேட்டாள். "நீங்க பயந்துக்கக் கூடாதுன்னுதான். செருப்பு இருந்தா ஆளு இங்கதான் இருக்கறான்னு நெனைப்பீங்கல்ல?" என்றார். கடிகாரத்தை ஏன் கழற்றினீர்கள் என்றதற்கு, வெறும் செருப்பென்றால் யாரோ மறந்து போனதாக நினைத்துவிடுவோமே என்றார். பஸ்ஸில் துண்டு போடுகிற மனிதர், ஆற்றங்கரையில் செருப்பைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அம்மாவுக்குச் சிரிப்பு திரும்பியது. "மைக்குல பேரச் சொன்னாங்களே, காதுல விழுகலீங்களா?" என்றாள். "விழுந்துச்சு. அந்தப் பேர்ல எத்தனையோ பேரு இருப்பாங்க, நம்மள ஆரு தேடப் போறாங்கன்னு நெனச்சுட்டேன்." "அப்ப ஏனுங்கன்னு கூப்பிட்டதுக்கு மட்டும் எப்படி வந்தீங்க? அங்கிருந்த அத்தனை ஆம்பளைங்களும் திரும்பிப் பாத்தாங்க." அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அது நீ கூப்பிட்டதாச்சே" என்றார்.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்பா அதே வீட்டில் தனியாக இருக்கிறார். சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது, அடுப்பே பற்றவைப்பதில்லை, ஆனாலும் படுக்கும்முன் கேஸைத் திருகித் திருகிப் பார்க்கிறார். முன்னைவிடக் கூடியிருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். "போதும் வாங்க" என்று சொல்ல ஆள் இல்லை. நான் சொல்லித்தான் பார்க்கிறேன். என் சொல் அவரிடம் செல்லுபடியாவதில்லை. வீட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டே போகிறாரே என்ற கவலையில், சென்ற மாத ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்குக் கெஞ்சிக் கூத்தாடித்தான் அவரை அழைத்து வந்தோம்.

அன்று அந்தப் பாறையில் நின்று, "அப்பா! அப்பா!" என்று கத்தினேன். யார் யாரோ பெற்ற பிள்ளைகளும் அதையே கத்திக்கொண்டிருந்தார்கள். செருப்பை விட்டுப்போவது அவர் பழக்கம் என்று மூளைக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் பார்த்த அந்த நாளில் நீரில் விழவில்லை என்பதால் இன்றும் விழமாட்டார் என்று என்ன நிச்சயம்? செருப்புக்குள்ளிருந்த கைக்குட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். எப்படி அது வாயில் வந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. என் கணவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அந்த வார்த்தையை அதுவரை அப்படி நீட்டிச் சொன்னதே இல்லை. "ஏனுங்கோ..." என்றேன். என் தொண்டையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தவர்கள் பலர். கார்கள் நிறுத்தியிருந்த மேட்டிலிருந்து வெறுங்காலோடு இறங்கிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் சட்டென்று நின்றார். காரின் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்த அப்பா. காது மிஷின் என் கையில் இருக்க, அது அவருக்கு எப்படிக் கேட்டதோ. "வாரேன், வாரேன்" என்று வேகமாக வந்தார். அவர் கண் என் மேல் பட்டது, ஆனால் நிற்கவில்லை. என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால், கொட்டுகிற தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் போனது.

கிட்டே வந்து நின்றார். காது மிஷினைக் கொடுத்தேன், மாட்டிக்கொண்டார். செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தேன். ஒரு காலை நுழைத்தவர், மறு காலை நுழைக்காமல் அந்தத் தண்ணீர்ப் பக்கம் மறுபடி திரும்பிப் பார்த்தார்.

"என்னங்கப்பா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. எதுக்கும் ஒருக்கா பாத்தேன்."