ஆயுத பூஜையன்னைக்கு நகர்ந்த வாஷிங் மெஷின்

பேய் இருக்கு பிசாசு இருக்குன்னு சொல்றவங்களைக் கேலி பண்ணியே பல்லு கொட்டிப்போனவ நான். நீயும் என்னைக் கேலி பண்ணு, பரவாயில்ல, ஆனா கடைசி வரைக்கும் கேட்டுட்டுப் பண்ணு.

பாபநாசத்துக்குப் பக்கத்துல எங்க வீட்டுப் பின்கட்டுல, என் மாமியா காலத்துத் துவைக்கிற கல்லு ஒண்ணு கெடந்துச்சு. அவங்க இடக்கைக்காரங்க. துணியைப் பிழிஞ்சா முறுக்கு மத்தவங்களுக்கு விழுற பக்கம் விழாது, எதிர்ப்பக்கமாத் திரும்பியிருக்கும். நான் துவைச்சதை வாங்கித் திரும்ப அலசி, "அழுக்குப் போகலடி"ன்னு அவங்க ஒரு பிழி பிழியுறப்ப என்னையே பிழியுற மாதிரி இருக்கும். அவங்க போயிச் சேந்து பல வருஷம் கழிச்சு என் மவன் பின்கட்டுக்கு டைல்ஸ் போட்டான். இந்தக் கல்லை என்ன பண்றதுன்னு கொத்தனார் கேட்டாரு. எனக்குத்தான் அது மேல பழைய கோவமாச்சே, குழி வெட்டி உள்ளயே போட்டு மூடிருங்கன்னுட்டேன்.

அப்பறம் வாஷிங் மெஷின் வந்துச்சு. தரையோ வழவழன்னு கண்ணாடி மாதிரி. பிழியுற நேரம் வந்தா மெஷின் குடுகுடுன்னு தேரு மாதிரி கெளம்பிரும், அதைப் பிடிக்கப் போயி ஒருநாள் நான் வழுக்கி விழுந்தேன். மவன் ஒத்தக்கால்ல நின்னான், இன்னொரு தடவை மெஷினால ஏதாவது ஆச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூடச் சென்னைக்கு வந்துரணும்னு. அந்தப் புறாக்கூண்டுல எனக்கு என்ன வேலை? மெஷினுக்கு அடியில சாக்கை மடிச்சுப் போட்டேன், சைக்கிள் டியூபை வெட்டி வச்சேன், கடைசில எலக்ட்ரீசியன் வந்து நாலு காலையும் மட்டம் பாத்துத் திருகி, அடியில கெட்டி ரப்பர் மேட்டு போட்டாரு. அதோட அடங்குச்சு.

ஆயுத பூஜை வந்துச்சு. அன்னைக்கு எந்தச் சாமானையும் வேலை வாங்கக் கூடாது. மெஷின் பிளக்கைப் புடுங்கிட்டு, ஒரு துண்டால தொடைச்சு, அருவா மம்முட்டி அம்மி எல்லாத்துக்கும் வச்ச மாதிரி அதுக்கும் சந்தனம் குங்குமம் வச்சேன். துண்டைக் கொடியில போட்டேன். மத்தியானம் பக்கத்து வீட்டு ஜமீலா சுண்டல் வாங்க வந்துச்சு. ரெண்டு பேரும் அடுப்படியில ஊர்க்கதை பேசிட்டிருக்கோம், பின்கட்டுல தொப்பு தொப்புன்னு துணி அடிக்கிற சத்தம்.

போயிப் பாத்தா, ரப்பர் மேட்டு செவத்தோரம் போட்ட எடத்துலயே கெடக்கு. மெஷின் மட்டும் நடுத்தரையில நிக்குது. கல்லைப் புதைச்ச எடம்.

ஜமீலா தரையில கெடந்த ஒயரைப் பாத்துச்சு. "யக்கா, கரண்டே குடுக்கலியேக்கா"ன்னுச்சு.

ரெண்டு பேரும் சேந்து தள்ளினோம், படுத்த மாட்டைத் தள்ளுற மாதிரி இருக்கு, அசையல. அந்த நேரம் பாத்து மவன் போன் பண்றான். "மெஷின் நகருதாம்மா?"ன்னு கேக்குறான். "உன் பொண்டாட்டியைவிட அடக்கமா நிக்குதுடா"ன்னு சொல்லிப் போனை வச்சேன்.

ஊருல உள்ள சாமானுக்கெல்லாம் பொட்டு வச்சவ, மூடிப் போட்ட கல்லுக்கு வைக்கலியேன்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. குனிஞ்சு டைல்ஸ் மேலயே மூணு பொட்டு வச்சேன். நம்பு, நம்பாட்டிப் போ, ஒத்த விரலால தொட்டேன், மெஷின் வழுக்கிட்டே போயி மேட்டுகிட்ட நின்னுச்சு.

மூடியைத் தெறந்தேன். காலியா இருக்க வேண்டியது. உள்ள அந்தத் துண்டு, நான் கொடியில போட்ட அதே துண்டு, அலசிப் பிழிஞ்சு கெடந்துச்சு. முறுக்கு எதிர்ப்பக்கமாத் திரும்பியிருந்துச்சு.

மவன்கிட்ட இன்னும் சொல்லல. சொன்னா சென்னைதான், அதுக்கு மாமியாரோடயே காலத்தை ஓட்டிறலாம்னு ஜமீலாகிட்ட சொல்லிச் சிரிப்பேன். ஆனா அந்த முறுக்கைப் பிரிக்க மட்டும் தைரியம் வரல. ஒரு தகர டப்பாவுல அப்படியே போட்டு வச்சிருக்கேன். மூணு வருஷம் ஆச்சு. இன்னைக்குக் காலையில தொட்டுப் பாத்தேன், ஈரம் காயல.