திரை போட்ட வண்டி

எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்து ஆயா குள்ளம். கையில் எப்போதும் கம்பி துருத்திய குடை. தினமும் மாட்டுவண்டியோடு மயிலாப்பூரில் வீடு வீடாக வந்து, குடையால் கதவை இரண்டு தட்டுத் தட்டி எங்களை அழைத்துப் போவாள். முதலில் தட்டுவது எங்கள் கதவைத்தான்.

பள்ளி இறுதிப் பரீட்சையன்று அவள் வர வெகுநேரமாயிற்று. அதற்குள் அப்பா என்னைப் பட்டுப்புடவை கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

"அவ இன்னிக்கு வரமாட்டா. பொண் பார்க்கப் பிள்ளையாத்துக்காரா வரா," என்று வாசலில் நின்று சொன்னார்.

ஆயா நகரவில்லை. "அது ஏறாம வண்டி போவாது சாமி. உள்ள ஏழு பொண்ணுங்க குந்திக்கினு கீதுங்க. பத்து மணிக்குப் பரிச்ச."

கதவிடுக்கில் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா வண்டியையே பார்த்தார். பிறர் வீட்டுப் பெண்கள் இருக்கும் வண்டியின் திரையை விலக்க முடியுமா? ஏழு வீட்டாரும் சண்டைக்கு வந்தால்? கூடத்துக் கடிகாரம் ஒன்பதரை அடித்தது.

"போய்த் தொலை," என்றார்.

பட்டுப்புடவையோடு ஏறினேன். உள்ளே ஒருவருமில்லை.

"மத்தவாள்லாம் எங்கே?"

"அப்பவே வுட்டுட்டு வந்துட்டேன். குந்து."

பெண் பார்க்க வரும் சேதியை அப்பா எங்களுக்கே அன்று காலையில்தான் சொன்னார். அவளுக்கு யார் சொன்னார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.